தண்ணீர்க் கேள்விக்கு மதிப்பெண் போடுவது

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளிடம் "பொய் சொல்லலாமா?" என்று கேட்டால் வாய்ப்பாடு ஒப்பிப்பது போலப் பதில் வரும். சரி எது, தவறு எது என்று அவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்பது அதில் தெரியாது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற ஒரு சூழல் வேண்டும்.

அதை 120 சொல்லுக்குள் எழுதலாம். கோடையில் ஊரில் ஒரு போர்வெல்லில் மட்டும் தண்ணீர் இருக்கிறது. லாரிக்கு விற்றால் உரிமையாளர் வங்கித் தவணையைக் கட்டிவிடுவார். இறைக்க இறைக்கப் பக்கத்துக் கிணறுகள் வற்றுகின்றன. லாரி போவது மருத்துவமனைக்கு. உரிமையாளரைப் பேராசைக்காரர் என்று ஒரு சொல்லில் காட்டிவிட்டாலும் போச்சு, எல்லாத் தாளிலும் ஒரே பதில்தான்.

40 நிமிடத்துக்கு நான்கு கேள்விகள் போதும்: யாருக்கு என்ன பாதிப்பு? எந்தக் கடமைகள் மோதுகின்றன? உன் முடிவு என்ன, ஏன்? அதை எதிர்ப்பவரின் வலுவான வாதம் எது, அதற்கு உன் பதில் என்ன?

தரம் பிரிவது கடைசிக் கேள்வியில்தான். "விற்பது தப்பு" என்று மட்டும் எழுதினால் நிலை 1. தன் பக்கக் காரணத்தைச் சொன்னால் 2. எதிர்வாதத்தைச் சொல்லிவிட்டுத் தட்டிக்கழித்தால் 3. "விற்கலாம்; ஆனால் கிணறுகளின் மட்டத்தைப் பார்த்துக்கொண்டு, குறைந்தால் நிறுத்த வேண்டும்" என்று எதிர்வாதத்தை ஏற்றுத் தன் முடிவுக்கே எல்லை போட்டால் 4. விற்கக் கூடாது என்பவரும் இதே வழியில் 4 வாங்கலாம்.

பெரும்பாலும் சறுக்குவது திருத்துபவர்தான். தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி, இந்த ஊர்கள் இருக்கும் சித்தூர்ப் பகுதிக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி வர வேண்டும். அது வராத வருடத்தின் கோபம் ஆசிரியர் வீட்டிலும் இருக்கும். தனக்குப் பிடித்த முடிவு அவர் கண்ணுக்கு ஆழமான சிந்தனையாகத் தெரியும். அதனால் பெயரை மறைத்து, எல்லாத் தாளிலும் முதல் கேள்வி, பிறகு இரண்டாவது என்று திருத்த வேண்டும். ஒவ்வொரு தாளையும் இருவர் தனித்தனியே பார்ப்பது அவசியம். இரண்டு நிலை வித்தியாசம் வந்தால் சராசரி போடாமல், எந்த வரியை எப்படி வாசித்தோம் என்று உட்கார்ந்து பேச வேண்டும்.

இந்த மதிப்பெண்ணை நடத்தைச் சான்றிதழில் சேர்க்கவே கூடாது. அறநடத்தைக்கு நான்கு கூறுகள் உண்டு என்றார் உளவியலாளர் ஜேம்ஸ் ரெஸ்ட்: சிக்கலை உணர்வது, சீர்தூக்குவது, அறத்தை முதன்மையாக்குவது, செய்துமுடிக்கும் உறுதி. தாளில் தெரிவது முதல் இரண்டு மட்டுமே.

மலையாளம் கலந்த வாக்கியத்துக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது. 1 வாங்கிய பிள்ளையிடம் மூன்று நிமிடம் வாய்மொழியாகவும் கேட்டுவிடுங்கள். எழுத வராத காரணம் பேச்சில் வந்துவிடும். நிலையை அதன்பிறகு முடிவு செய்யலாம்.