வெள்ளைக் கோட்டும் முதலாவது கேள்வியும்

இலங்கையில் உயர்தரம் உயிரியல் பிரிவில் ஃபர்ஸ்ட் ஷை, அதாவது முதல் தடவை, எழுதி இரண்டு எஸ் (சாதாரண சித்தி), ஒரு எஃப் (சித்தியில்லை) எடுத்தவள் நான். எஃப் பௌதிகவியலுக்கு. மூன்று தடவை எழுத இடமிருக்கிறதுதான். ஆனால் எங்கள் மலையகத்து மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு தடவை தவறினாலே, "புள்ளய கொழும்புக்கு வேலைக்கு அனுப்பலாமே" என்ற பேச்சு இஸ்தோப்புக்கு (வீட்டு முன் திண்ணைக்கு) வந்துவிடும். செகண்ட் ஷைக்குத் தயாராகிற தம்பி, தங்கச்சிமாருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தடவை பரீட்சைக்கு முன்னால் ஒரு கருத்தரங்கில் பேச வந்தவர், "கண்ண மூடுங்க, நீங்க ஆகப்போறதப் பாருங்க" என்றார். 'டாக்டர்' என்று எழுதிச் சுவரில் ஒட்டவும் சொன்னார். லயத்துக் காம்பராவில், அதாவது எங்கள் தோட்டத்து வரிசை வீட்டு அறையில், சாமிப் படத்துக்குக் கீழே ஒட்டினேன். இரவில் படுத்துக்கொண்டு வெள்ளைக் கோட்டோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் நடப்பேன். கோட்டுக்கு எத்தனை பொத்தான் என்று கேட்டாலும் சொல்லியிருப்பேன். சேதன இரசாயனத்தைத்தான் தொடவில்லை. பாதிப் பாடத்தை முடித்துவிட்ட மாதிரி ஒரு திருப்தி வரும், அப்படியே தூங்கிவிடுவேன்.

பௌதிகம் முதலாம் பத்திரம். 50 பல்தேர்வுக் கேள்வி, இரண்டு மணித்தியாலம். முதலாவது கேள்வியே தெரியவில்லை. விட்டுவிட்டு இரண்டாவதுக்குப் போயிருக்கலாம். "மொதலாவதே தெரியல, மிச்சம் எங்க தெரியப்போகுது" என்று உள்ளே ஒரு குரல். அதை அமுக்க "நான் டாக்டர், நான் டாக்டர்" என்று முணுமுணுத்தேன். அமுக்க அமுக்க அது சத்தம் கூட்டியது. குளிரில் விறைத்த விரலை உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்தது ஞாபகம் இருக்கிறது. மணிக்கூட்டைப் பார்த்தபோது ஒரு மணித்தியாலம் போயிருந்தது. நான் 12ஆவது கேள்வியில் இருந்தேன்.

குரங்கை நினைக்காமல் மருந்து குடிக்கச் சொன்ன கதை நம்மிடம் எப்போதோ இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று மாணவர்களிடம் சொல்லிப் பார்த்தார். கரடிதான் திரும்பத் திரும்ப வந்தது. இதையெல்லாம் பெறுபேறு வந்த பிறகுதான் வாசித்தேன். அதைவிட என்னைப் பிடித்துக்கொண்டது லியன் ஃபாம், ஷெல்லி டெய்லர் இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வு. நல்ல புள்ளி கிடைத்துவிட்டதாகக் கற்பனை செய்த மாணவர்களைவிட, தாங்கள் உட்கார்ந்து படிப்பதைக் கற்பனை செய்தவர்கள் முந்திப் படிக்கத் தொடங்கினார்கள், புள்ளியும் கூட எடுத்தார்கள். என் வெள்ளைக் கோட்டு எதில் சேரும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு நாள் கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா, இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கேட்டேன்: "அவ்வளவு பெரிய மலைய காலையில பாக்குறப்ப மலைப்பா இருக்காதாம்மா?" அம்மாவுக்கு எரிச்சல். "மலைய யாரு பாக்குறா? நம்ம தேயிலை நெரைய முடிச்சாப் போதாதா? போயி அடுப்பப் பாரு."

செகண்ட் ஷைக்கு நான் செய்தது இதுதான். பின்னேரம் படிக்க உட்காரும் முன் ஐந்து நிமிடம். படுத்துக்கொண்டு அல்ல, இஸ்தோப்பில் நிமிர்ந்து உட்கார்ந்து. மண்டபத்துக்குள் போகிறேன், சுட்டெண் ஒட்டிய மேசையைக் கண்டுபிடிக்கிறேன், அடையாள அட்டையை மேசையில் வைக்கிறேன், பத்திரத்தைத் திறக்கிறேன். முதலாவது கேள்வி தெரியாது. இதை வேண்டுமென்றே படத்தில் வைத்தேன். தெரியாததும் பென்சில் கேள்விக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் போடுகிறது, கண் இரண்டாவதுக்குப் போகிறது. அவ்வளவுதான் படம். ஒரு கேள்விக்குச் சராசரியாக 2 நிமிடம் 24 செக்கன்தான் கிடைக்கும். பிழைக்குப் புள்ளி வெட்டவும் மாட்டார்கள். அதனால் வட்டம் போட்டதற்கெல்லாம் கடைசியில் திரும்பி வந்து ஏதாவது ஒரு விடை குறிக்கிறேன். பாஸ்ட் பேப்பர் செய்யும்போதும் கை இதையே செய்து பழகியது.

"என்னால பௌதிகம் ஏலாது" என்ற குரல் நிற்கவில்லை. நான் "ஏலும்" என்று எதிர்த்துக் கத்தவில்லை. பொய் என்று எனக்கே தெரியுமே. கொப்பியில் இப்படி எழுதினேன்: "மின்னியல் பத்தில் நாலு சரி. கொள்ளளவி இன்னும் படிக்கல." அந்த வசனத்தோடு சண்டை பிடிக்க ஒன்றுமில்லை, கொள்ளளவியைப் படிக்க வேண்டியதுதான். இரண்டு கிழமையில் பத்தில் ஏழு வந்தது. (கிழமைக்கணக்காகத் தூக்கம் இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் இந்தக் கொப்பி வேலை போதாது. 1926க்கு அழையுங்கள், அது இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம்.)

இரண்டாம் தடவையும் முதலாவது கேள்வி தெரியவில்லை! சிரிப்பு வந்தது. வட்டம் போட்டுவிட்டுப் போனேன். ஒரு பீ, இரண்டு சீ. மருத்துவம் இல்லை, விவசாய பீடம் கிடைத்தது.

ஒன்றை மட்டும் நான் கற்பனையில் வைக்கவில்லை. இரசாயனவியல் பரீட்சை அன்று மழைக்கு மண்மேடு சரிந்து காலை பஸ் வரவில்லை. சந்திவரை ஓடி, கொழுந்து லொறியில் ஏறி, நனைந்த சப்பாத்தோடு பத்து நிமிடம் இருக்கும்போது மண்டபத்துக்குப் போனேன். உங்கள் படத்தை லயத்து வாசலிலிருந்தே தொடங்குங்கள். பஸ் வராவிட்டால் யாருடைய த்ரீவீல் என்று முதல் நாளே பேசி, நம்பரை எழுதி வையுங்கள்.