படிகாரம் வளர்க்கிறேன்: இதுவரை நடந்தவை

நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய படிகாரக் கட்டியை இடித்துத் தூளாக்கி, வெந்நீரில் கரைத்து, அதை மறுபடியும் கட்டியாக்கிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கடைக்கட்டி உருவமற்ற வெள்ளைத் துண்டு. எனக்கு வேண்டியது எட்டு முகங்களும் கூரிய முனைகளும் கொண்ட, ஒளி ஊடுருவும் ஒற்றைப் படிகம்.

படிகாரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் கரைதிறன். 100 கிராம் நீரில் 30 டிகிரியில் சுமார் 16 கிராம்தான் கரையும். 60 டிகிரியில் 50 கிராமுக்கு மேல் கரையும். சூட்டில் ஏற்றிக்கொண்டதை ஆறும்போது நீர் கைவிட்டே ஆக வேண்டும். அந்த மிச்சம்தான் படிகம்.

முதலில் 100 மில்லி நீருக்கு 25 கிராம் வீதம் கரைத்து, அடியில் தங்கிய மண்ணை வெள்ளைத் துணியில் வடிகட்டி, அசையாமல் வைத்தேன். காலையில் அடியில் மணி மணியாகப் படிகங்கள். அவற்றில் பழுதில்லாத ஒன்றை விதையாக எடுத்து, மெல்லிய நைலான் நரம்பில் கட்டினேன். பருத்தி நூல் வேண்டாம். இழைக்கு இழை குட்டிப் படிகங்கள் முளைத்து விதையின் பங்கைத் தின்றுவிடும். விதையை வளர்க்கும் கரைசலுக்கு 100 மில்லிக்கு 18 கிராம் போதும். முழுவதும் ஆறிய பிறகே விதையை இறக்க வேண்டும். அப்போது கரைசல் சற்றே அதிதெவிட்டிய நிலையில், அதாவது அந்த வெப்பத்தில் கரையக்கூடியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கரைந்த நிலையில் இருக்கும்.

இதில் மெனக்கெட வைப்பது நம் ஊர் வெயில்தான். பகலில் அறை 34 டிகிரி, இரவில் 28. மதியம் கரைசல் தெவிட்டாத நிலைக்கு, அதாவது இன்னும் கரைத்துக்கொள்ளக்கூடிய நிலைக்குப் போய், இரவு முழுக்க வளர்ந்த படிகத்தின் விளிம்புகளைக் கரைத்து மழுங்க வைக்கிறது. தெர்மகோல் பெட்டிக்குள் வைத்து மூடியதும் ஏற்ற இறக்கம் குறைந்தது. முகங்கள் சமமாக வந்தன.

நன்றாக வளர்ந்த ஒன்றின் முனையை வேண்டுமென்றே கத்தியால் உடைத்துவிட்டு மறுபடி தொங்கவிட்டேன். உடைந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாக அடைபட்டு, அதே கோணத்தில் முனை திரும்பி வந்தது. இதுவரை பார்த்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தெவிட்டிய கரைசலில் எதுவும் நடக்காமல் இருப்பதில்லை; அயனிகள் படிகத்தை விட்டுப் போய்க்கொண்டும் வந்து ஒட்டிக்கொண்டும் இருக்கின்றன, போவதும் வருவதும் சமமாக இருக்கிறது, அவ்வளவுதான். கரைசலில் கொஞ்சம் மிகுதி இருந்தால் வரவு கூடுகிறது. சொரசொரப்பான உடைந்த பரப்பில் ஒட்டிக்கொள்ள இடம் அதிகம் என்பதால் அங்கே வேகமாக நிரம்புகிறது.

கல் உப்பிலும் இதையே செய்து பார்த்தேன். ஆற வைத்தால் பெயருக்குத்தான் ஏதோ படிகிறது. அறை வெப்பத்தில் 100 கிராம் நீரில் 36 கிராம் கரையும் உப்பு, கொதிநிலையிலும் 39 கிராம்தான் கரையும். சூட்டுக்கு மசியாத பேர்வழி. தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்புப் பாத்திகளை வெயிலில் காயவிடுவதன் நியாயம் இதுதான்: நீரைக் குளிர்விப்பதில் பயனில்லை, நீரையே குறைக்க வேண்டும். தட்டில் ஊற்றி மாடியில் வைத்தேன். சின்னச் சின்னக் கனசதுரங்கள் வந்தன.

இடையில் இன்னொன்று. மிஞ்சிய படிகாரத்தைப் பழைய இரும்புச் சட்டியில் தண்ணீர் விடாமல் சூடாக்கினேன். 92 டிகிரி வாக்கில் உருகியது. உருகியது என்று சொல்வதும் பாதி உண்மைதான். படிகாரத்தின் எடையில் ஏறக்குறைய 45 விழுக்காடு படிக நீர், அதாவது படிகத்துக்குள்ளேயே பிணைந்திருக்கும் நீர். சூட்டில் அது தன் சொந்த நீரிலேயே கரைகிறது. பிறகு அந்த நீர் கொதித்து வெளியேற, பொங்கி நுரைத்து, வெள்ளையாக உப்பிய ஒரு பொருள் மிஞ்சுகிறது. சித்த மருத்துவத்தில் படிகாரத்தைப் பொரிப்பது என்பது இதைத்தான். கையால் நசுக்கினாலே நொறுங்குகிறது. இதற்கு மேல் சூடேற்றக் கூடாது; கெட்ட புகை வரும். சமையல் பாத்திரமும் வேண்டாம்.

இப்போது பெட்டிக்குள் இருப்பது நெல்லிக்காய் அளவு. ஒரு முகத்தில் மட்டும் மெல்லிய மூட்டம் தெரிகிறது. எடுத்தபின் தெளிந்த நகப்பூச்சு ஒரு கை பூச வேண்டும். இல்லாவிட்டால் வறண்ட காற்றில் படிக நீரை இழந்து மங்கிவிடும்.

அடுத்து குரோம் படிகாரம், அதாவது அலுமினியத்துக்குப் பதில் குரோமியம் உள்ள படிகாரம். அடர் ஊதா நிறம். அதன் படிக அமைப்பும் இதுவேயாதலால், ஊதா விதையின் மேல் நிறமற்ற படிகாரத்தை உறைபோல வளர்க்க முடியும். ஆனால் குரோம் படிகாரக் கரைசலை 60 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் பச்சையாக மாறி, எளிதில் படிகமாக வராது. அடுப்பை விட்டுவிட்டு வெந்நீர்த் தொட்டியில் வைத்துக் கரைக்கப் போகிறேன்.