ஏலத்தோட்டத்தில் 11 சென்சார்

பிப்ரவரி 10, வண்டன்மேடு

கம்பத்திலிருந்து ஆள் ஏற்றிவரும் ஜீப்பிலேயே தொற்றிக்கொண்டு கம்பம்மெட்டு ஏறினேன். மடியில் மண் ஈரம் பார்க்கும் 11 சென்சார், லோராவான் ரகம்: கொஞ்ச பேட்டரியில் ரேடியோ வழியாக வெகுதூரம் பேசும். கோடையில் எந்தச் சரிவுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று தோட்டத்துக்காரருக்குத் தெரியணும்.

சென்சார்கள் பேசுவதை வாங்கி சர்வருக்கு அனுப்பும் கேட்வேயை ஸ்டோர் கூரையில் ஏற்றவே மத்தியானமாகிவிட்டது. சென்சார்களை ஆன் செய்தேன். ஒன்றுகூட சர்வரில் தலைகாட்டவில்லை. ஆண்டெனாவைக் கழற்றி மாட்டி, கேபிளை மாற்றி, கடைசியில் பார்த்தால் எல்லாம் ஐரோப்பிய அமைப்பில் வந்திருக்கின்றன. அவை 868 மெகாஹெர்ட்ஸில் கூப்பிடுகின்றன. கேட்வேயோ இந்தியாவுக்கான 865–867க்குள் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது.

பிப்ரவரி 11

ஒவ்வொன்றாக லேப்டாப்பில் மாட்டி இந்திய அமைப்பான ஐஎன்865க்கு மாற்றினேன். 10 சேர்ந்துவிட்டன. மிச்சம் ஒன்று கூப்பிடுவது சர்வரில் தெரிகிறது, பதில்தான் போகவில்லை: எம்ஐசி தப்பாம். ஆப் கீ என்ற ரகசியச் சாவியை வைத்துப் போடும் முத்திரை அது. இரண்டு பக்கமும் சாவி ஒன்றாக இருந்தால்தான் ஒத்துப்போகும். சாவியின் 32 எழுத்தையும் மூன்று தடவை சரிபார்த்தேன். நாலாவது தடவை மேஸ்திரி அண்ணன் டார்ச் பிடித்தார். நான் 'பி' என்று அடித்திருந்தது உண்மையில் 8.

அந்தச் சந்தோஷத்தில், சேர்ந்திருந்த ஒன்றை ஃபேக்டரி ரீசெட் செய்து தொலைத்தேன். அதன் டெவ்நான்ஸ், அதாவது சேரக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் ஏறும் எண், மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ண ஆரம்பித்தது. பழைய எண்ணை சர்வர் ஏற்காது. சர்வரிலும் அந்தக் கணக்கை அழித்த பிறகுதான் உள்ளே விட்டது.

பிப்ரவரி 12

சென்சார் நடவு. நாலாம் நம்பர் ஈரம் 9 சதவீதம் காட்டுது, பத்தடி தள்ளி இருப்பது 31. சென்சார் கோளாறு என்று நான் எழுதப்போனேன். கூட வந்த அக்கா அதைப் பிடுங்கி, ஏலத்தட்டைக்கடியில் சருகைத் தள்ளி, மண்ணைத் தண்ணீர் விட்டுக் கூழாகப் பிசைந்து, கம்பிகளைச் சுற்றி விரலால் அப்பினார். கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவில் காற்று நின்றிருக்கிறது. தண்ணீர் வடிந்ததும் 28.

பிப்ரவரி 13

20 நிமிடத்துக்கு ஒரு தடவை அனுப்பினால் பேட்டரி தாங்காது. ஒரு மணி நேரமாக்கச் சொல்லி சர்வரிலிருந்து கட்டளை போட்டேன். அசையவில்லை. பொறுமையில்லாமல் இன்னும் மூன்று தடவை அழுத்தினேன். இது கிளாஸ் ஏ. தான் ஒரு தடவை பேசிவிட்டு, அதன்பின் கொஞ்ச நேரம்தான் கேட்கும். நாலு கட்டளையும் வரிசையில் நிற்கிறது.

"அது வாயத் தொறந்தாத்தான் காது தொறக்குமா தம்பி?" என்றார் அக்கா. "எங்க மாமியாருக்கு வாய் மட்டுந்தேன்."

ஓடைப் பள்ளத்தில் இருப்பது மட்டும் எஸ்எஃப்12 என்ற, இருப்பதிலேயே மெதுவான வேகத்தில் இழுத்து இழுத்துப் பேசுகிறது. எஸ்எஃப் ஒரு படி ஏறினால் சிக்னல் காற்றில் இருக்கும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பு, பேட்டரி கரையும். ஆண்டெனாவைத் தூக்கிக் கட்ட மூங்கில் கேட்டிருக்கிறேன். நாளைக்குத் தருகிறேன் என்றார் அண்ணன்.