பிரெட்சலும் பேன்ட்டும்

மகள் வீட்டுக்கு நியூயார்க் போயிருந்தபோது, ஒரு நாள் ஃப்ரிக் அருங்காட்சியகத்துக்குக் கிளம்பினோம். எதிர்ப்பக்கம் தள்ளுவண்டியில் பிரெட்சல் (முறுக்கு மாதிரி சுற்றிய ரொட்டி) விற்றுக்கொண்டிருந்தார்கள். மேலே கல்லுப்பு பளபளத்தது. எனக்கு பி.பி. உண்டு, உப்பு ஆகாது. அதனால் மனைவி அந்தண்டை பார்த்த சமயம் குறுக்கு வழியில் பாய்ந்தேன். நடைபாதை மரத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் குட்டி இரும்பு வேலி போட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டினேன். நான் தாண்டிவிட்டேன், பேன்ட் தாண்டவில்லை. முழங்காலுக்குக் கீழே ஒரு ஜாண் கிழிசல்.

மனைவி தாலிச் செயினில் தொங்கிய ஊக்கு ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். ஒன்றும் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

உள்ளே இத்தாலிய ஓவியர் வெரோனீஸ் 1565 வாக்கில் வரைந்த எண்ணெய் ஓவியம். ஏழு அடிக்கு மேல் உயரம். கிரேக்கப் புராண வீரன் ஹெர்குலிஸ் இரண்டு வழி பிரியும் இடத்தில் நின்று நல்லது கெட்டது தேர்ந்தெடுத்த பழைய கதைதான். ஆனால் ஹெர்குலிஸுக்குப் பதில், வெள்ளைப் பட்டுச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி ஒருவன். தலையில் லாரல் இலை சூடிய நல்லொழுக்கம் என்ற பெண்ணை ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறான். தீயொழுக்கம் என்ற இன்னொருத்தி நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள். விரலில் பருந்து நகம். மேலே கல்லில் லத்தீன் வாசகம்: மதிப்பும் ஒழுக்கமும் இறந்த பிறகு மலரும் என்று. (அதுவரை பிரெட்சல் கிடையாது போலிருக்கிறது.)

எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. அவன் காலைப் பார்த்தேன். வெள்ளைக் காலுறை கிழிந்து, உள்ளே தோல் தெரிகிறது. ஓடும்போது தீயொழுக்கத்தின் நகம் பட்ட இடம். தெய்வமே, நம்ம ஆள்!

"பார்த்தியா? ஒழுக்கமானவனுக்கும் கிழியத்தான் செய்யும்" என்றேன் மெதுவாக.

மனைவி படத்தையும் என் முழங்காலையும் மாறி மாறிப் பார்த்தாள். "அவன் கெட்டதை விட்டு ஓடும்போது கிழிஞ்சிருக்கு. நீங்க அதைத் தேடி ஓடி கிழிச்சுக்கிட்டீங்க."

பக்கத்தில் நின்ற காவலருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் சிரித்தார்.

ஓவியங்களைப் படமெடுக்க அனுமதி இல்லை. நடுமுற்றத்தில் மட்டும் எடுக்கலாம் என்றார்கள். அங்கே நீரூற்று, செடிகள், தூண்கள் எல்லாம் அழகாக இருக்கின்றன. அன்று இரவு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஃப்ரிக் அருங்காட்சியகத்திலிருந்து வந்த ஒரே படம் என் கிழிந்த பேன்ட்டும் அதில் குத்திய ஊக்கும்.