எம்எஸ்டபிள்யூ படிச்சா வேலை கெடைக்குமா?

அட்மிஷன் சீசன் வந்துட்டா போதும், ஜூனியருங்க, சொந்தக்காரங்க, ஃப்ரெண்டோட தங்கச்சின்னு எல்லாரும் கேக்குறது இதான். ரெண்டு வருஷம் காசு கட்டி எம்எஸ்டபிள்யூ, அதாவது சமூகப் பணி முதுகலை, படிச்சா வேலை கெடைக்குமா? கெடைக்கும்ங்க. என்ன வேலை, என்ன சம்பளம், எத்தன வருஷத்துக்குங்கறதுலதான் விஷயமே இருக்கு, அத மட்டும் அட்மிஷன் அப்போ யாரும் சொல்ல மாட்டாங்க.

பேரு ஒண்ணுதான், ஆனா உள்ள மூணு நாலு வேற வேற படிப்பு இருக்கு. பெரும்பாலான காலேஜ்ல மொத வருஷம் எல்லாருக்கும் பொதுவா போகும், அப்புறம் ஹெச்ஆர், கம்யூனிட்டி டெவலப்மென்ட், மெடிக்கல் அண்ட் சைக்கியாட்ரின்னு பிரிஞ்சுடுவாங்க. எங்க ஊர் பக்கமெல்லாம் ஹெச்ஆர் எடுக்கத்தான் அடிதடி. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர்னு ஃபேக்டரி பக்கம் போயிடலாம்னுதான். அதுக்கு சட்டமே ஒரு வழி விட்டிருக்கு, 1948 தொழிற்சாலைச் சட்டப்படி 500 தொழிலாளியோ அதுக்கு மேலயோ இருந்தா வெல்ஃபேர் ஆபீசர் கட்டாயம்னு இருந்துச்சு, புது லேபர் கோடுல அத 250ன்னு கொறச்சிருக்காங்க. எம்பிஏ பசங்களோட போட்டி போட்டாலும், சட்டத்துல பேரு போட்டு வச்ச ஒரு போஸ்ட் இருக்கறது சாதாரண விஷயம் இல்ல.

ஆனா "எனக்கு மக்களோட வேலை செய்யணும்"னு வர்றவங்களுக்குத்தான் கணக்கு இடிக்கும். நான் இருக்கறது குழந்தைகள் பாதுகாப்பு அலகு பக்கம், அதனால தெரிஞ்சத சொல்றேன். ஒவ்வொரு மாவட்டத்துலயும் இந்த ஆபீஸ் இருக்கு, குழந்தைங்க பாதுகாப்புக்கான மத்திய அரசோட மிஷன் வாத்சல்யா திட்டத்துல நடக்குது. பாதுகாப்பு அலுவலருக்கு மாசம் 27,804 ரூபா, சமூகப் பணியாளருக்கும் ஆற்றுப்படுத்துநருக்கும் (கவுன்சிலர்) 18,536, புறத்தொடர்புப் பணியாளருக்கு (அவுட்ரீச் வொர்க்கர்) 10,592. எல்லாமே தொகுப்பூதியம், எல்லாமே ஒப்பந்தம். இதுல வேடிக்கை என்னன்னா சமூகப் பணியாளர் போஸ்ட்டுக்கு சும்மா ஒரு டிகிரியே போதும், எம்எஸ்டபிள்யூ முடிச்சவங்க அதுக்கே வரிசையில நிக்கறாங்க.

சரி, அந்த 18,536க்கு என்ன வேலைன்னு கேட்டீங்கன்னா, முக்கால்வாசி சமூக விசாரணை அறிக்கை எழுதறது. ஒரு பொண்ணு ஹோம்ல சேர்க்கப்பட்டிருக்குன்னு வைங்க, குழந்தைகள் நலக் குழு உத்தரவு போட்டா 15 நாளுக்குள்ள அந்த வீட்டப் பத்தி அறிக்கை குடுத்தாகணும்னு சட்டம் சொல்லுது. பஸ்ஸு போகாத ஊரா இருக்கும், வண்டிய எடுத்துட்டு போயி வீட்டுவாசல்ல நின்னா மொதல்ல "மேடம், பட்டா விஷயமா வந்தீங்களா"ன்னு கேப்பாங்க. ஒக்கார சொல்லி டீ குடுத்தப்புறம்தான் பேச்சே ஆரம்பிக்கும், அதுவும் அப்பா பக்கத்துல இருக்கற வரைக்கும் அம்மா வாயத் தொறக்க மாட்டாங்க, தண்ணி கேக்குற சாக்குல அடுப்படிக்குள்ள போயிதான் கடன் எவ்ளோ, யாரு குடிக்கறாங்க, பொண்ண எதுக்கு மில்லுக்கு அனுப்பினாங்கங்கறதெல்லாம் வரும். அத அன்னைக்கு ராத்திரியே எழுதிடணும், இல்லன்னா நாலு வீட்டுக் கதையும் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும். பிள்ளைய வீட்டுக்கே அனுப்பலாமா வேண்டாமான்னு குழு முடிவு பண்றதுல நீங்க எழுதுன அந்த பேப்பருக்கு பெரிய பங்கு இருக்கு. சம்பளம் கம்மிதான், பொறுப்பு கம்மி இல்ல.

ஒப்பந்தம்னா எவ்ளோ ஆட்டம் காணும்னு 2023ல பாத்தோம். 1098 சைல்டுலைன், அதாவது குழந்தைகளுக்கான உதவி எண், அதுவரைக்கும் தொண்டு நிறுவனங்கள் மூலமா ஓடிட்டு இருந்துச்சு, அத அரசாங்கமே எடுத்து 112 அவசர எண்ணோட இணைச்சாங்க, வருஷக்கணக்கா ராத்திரி பகல்னு ஓடுன நெறைய பேரு ஒரே அடியில வெளிய வந்தாங்க. என்ஜிஓ பக்கமும் இதே கததான். 2020ல வெளிநாட்டு நன்கொடைக்கான எஃப்சிஆர்ஏ சட்டத்த திருத்தினப்போ வெளிநாட்டு நிதியில நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரைக்கும் இருந்தத 20 ஆக்கிட்டாங்க, பெரிய அமைப்பு வாங்கி சின்ன அமைப்புக்கு பிரிச்சுக் குடுக்கறதும் கூடாதுன்னுட்டாங்க. கிராமத்துல நாலஞ்சு ஆள வச்சு நடத்துன அமைப்புங்கதான் இதுல மொதல்ல அடி வாங்குச்சு, நம்ம பசங்க மொத வேலைக்கு போற எடமும் அதுதானே. இப்போ காசு இருக்கறது சிஎஸ்ஆர் பக்கம், 2013 கம்பெனி சட்டப்படி பெரிய கம்பெனிங்க லாபத்துல 2 சதவீதம் சமூக வேலைக்குன்னு செலவு பண்ணியாகணும். சம்பளம் பரவால்ல, ஆனா எக்செல், பிபிடி, இங்கிலீஷ்ல ரிப்போர்ட் தெரியணும், அத சிலபஸ்ல யாரும் ஒழுங்கா சொல்லித் தர்றதில்ல.

மெடிக்கல் எடுத்தவங்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கு, அதிகம் பேருக்கு தெரியாது. உறுப்பு மாற்று சிகிச்சை பண்ற ஆஸ்பத்திரியில டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டர் இருந்தே ஆகணும், மூளைச்சாவு அடைஞ்சவரோட குடும்பத்துகிட்ட போயி உறுப்பு தானம் பத்தி பேசறது அவங்கதான். ஒவ்வொரு ஆளு, குடும்பத்தோட தனித்தனியா எப்படி பேசறதுன்னு சொல்லித் தர்ற கேஸ் வொர்க் கிளாஸ்ல தூங்குனவங்களால முடியாத வேலை அது. சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்கர் ஆகணும்னா இந்த ரெண்டு வருஷம் மட்டும் பத்தாது, 2017 மனநலச் சட்டம் எம்எஸ்டபிள்யூவுக்கு மேல ரெண்டு வருஷ எம்ஃபில் கேக்குது, ஆனா எம்ஃபில் படிப்பையே யூஜிசி 2022ல நிறுத்திடுச்சு, இதுக்கு மட்டும் 2025-26 வரைக்கும் நீட்டிப்பு குடுத்தாங்க. அதனால சேர்றதுக்கு முன்னாடி இப்போதைய நெலம என்னன்னு விசாரிச்சுட்டு சேருங்க.

பர்மனென்ட்தான் வேணும்னா டிஎன்பிஎஸ்சிதான், நன்னடத்தை அலுவலர், மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர்னு போஸ்ட் வரும், ஆனா எப்போவாவதுதான் வரும், வந்தாலும் கொஞ்ச எடம்தான். வீட்டுல ரெண்டு மூணு வருஷம் தாங்குவாங்கன்னா அந்த பரீட்சைக்கு படிங்க, இல்லன்னா வேலைய பாத்துக்கிட்டே படிங்க.

எம்எஸ்டபிள்யூ படிக்கறப்போ ஃபீல்டு வொர்க்க மட்டும் கையெழுத்து வாங்கறதுக்குன்னு போகாதீங்க. வாரத்துல ரெண்டு நாள் போறீங்கல்ல, எந்த எடத்துல ஆள் பத்தலையோ அங்க போங்க, நான் பாத்த வரைக்கும் மொத வேலை பாதி பேருக்கு பிளேஸ்மென்ட் செல்லுல இருந்து வரல, அந்த ஃபீல்டு வொர்க் எடத்துல இருந்துதான் வந்துச்சு. ஒப்பந்த போஸ்ட்டுங்களோட அறிவிப்பு மாவட்ட வெப்சைட்லதான் போடுவாங்க, டைமும் ரொம்ப கம்மியா குடுப்பாங்க, பக்கத்து மாவட்டத்தோடதையும் சேத்துப் பாத்துட்டே இருங்க. அப்புறம் டூ வீலர் லைசென்ஸ் எடுத்துடுங்க, இன்டர்வியூல கேக்க மாட்டாங்க, சேந்த மொத வாரமே தேவைப்படும்.