செம்பனையின் கர்மா

கோலாலம்பூரிலிருந்து சிரம்பான் பக்கம் காரில் போகிறவர்களுக்குச் செம்பனை சலித்துப்போன காட்சி. ஆனால் மரபணு எப்படிப் படிக்கப்படுகிறது என்று சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் நம் ஊரில் கிடையாது.

நல்ல மகசூல் தரும் ஒரு தாய்மரத்தின் இளங்குருத்தை எடுத்துத் திசு வளர்ப்பில் ஆயிரக்கணக்கில் கன்று எடுக்கிறார்கள். அத்தனைக்கும் ஒரே டி.என்.ஏ. இருந்தும், நட்டு முப்பது மாதம் கழித்துக் குலை தள்ளும்போது சில மரங்களில் பழம் விகாரமாக வரும். பழத்தைச் சுற்றிக் கூடுதல் சதை மடல்கள் போர்த்திக்கொண்டு நிற்கும். விகாரம் கடுமையாக இருந்தால் உள்ளே பருப்பு இராது, எண்ணெய் தேறாது. ஏக்கருக்கு 55 முதல் 60 மரம், 25 ஆண்டுக் கணக்கு என்று போட்டுப் பாருங்கள், வலி புரியும். இதற்கு ‘மேன்டில்ட்’ என்று பெயர். போர்வைப் பழம் என்று வைத்துக்கொள்வோம்.

காரணம் 2015இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் மெய்லினா ஓங் அப்துல்லா, ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி ஆகியோரின் குழு கண்டுபிடித்தது. பூவில் மகரந்தத் தாள் உருவாக டெஃபிசியன்ஸ் என்ற மரபணு வேலை செய்தாக வேண்டும். அது ஒழுங்காகப் படிக்கப்படாவிட்டால் அந்த இடத்தில் சூலக இதழ் மாதிரி ஒன்று முளைக்கும். போர்வை அதுதான்.

இந்த மரபணுவின் நடுவே, புரதத்துக்குத் தேவைப்படாத ஓர் இன்ட்ரானுக்குள், எப்போதோ வந்து புகுந்த இடம்மாறும் டி.என்.ஏ. துண்டு ஒன்று கிடக்கிறது. பெயர் கர்மா. நெல்லில் முதலில் கண்ட துண்டின் உறவு, பெயரும் அங்கிருந்தே வந்தது. ஆர்.என்.ஏ. படி எடுத்த பிறகு செல் இன்ட்ரானை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை ஒட்டும். கர்மாவின் மேல் மெத்தில் குறிகள், அதாவது எழுத்தை மாற்றாமல் டி.என்.ஏ.வின் மேல் ஒட்டியிருக்கும் சிறு வேதிக் குறிகள், அடர்த்தியாக இருக்கும்வரை வெட்டு சரியான இடத்தில் விழும். திசு வளர்ப்பில் அந்தக் குறி கழன்றால், கர்மாவுக்குள் இருக்கும் ஒட்டுமுனையை (வெட்டி ஒட்டும் இடத்துக்கான அடையாளம்) செல் தவறாகப் பிடித்துக்கொள்கிறது. செய்தி பாதியில் முடிந்து குட்டைப் புரதத்துக்கான ஆர்.என்.ஏ. வருகிறது. டி.என்.ஏ.வில் எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. குழுவினரே இந்த இரண்டு நிலைகளுக்கும் நல்ல கர்மா, கெட்ட கர்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். நமக்கு விளக்கம் தேவையில்லாத பெயர்!

குலை தள்ளும்வரை காத்திராமல் நாற்றங்காலிலேயே இதைப் பார்க்கலாம். இலைத் துண்டிலிருந்து டி.என்.ஏ. எடுத்துச் சரிபாதியாக இரண்டு குழாயில் பிரியுங்கள். ஒன்றில், டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும், ஆனால் அங்கே மெத்தில் இருந்தால் வெட்டாத நொதி, இன்னொன்றில் நொதிக்குப் பதில் தண்ணீர், மற்றதெல்லாம் சமம். 37 டிகிரியில் இரவு முழுக்க வைத்து, வெட்டுமிடத்தை நடுவில் வைத்து நிகழ்நேர பிசிஆர் ஓட்ட வேண்டும். வெட்டுப்படாத துண்டைச் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கி அளக்கும் முறை இது. தண்ணீர்க் குழாயின் சமிக்ஞை 24ஆம் சுற்றிலும் நொதிக் குழாயினுடையது 24.2இலும் எழுந்தால் சுமார் 87 சதவீதம் மெத்தில் இருக்கிறது. நொதிக் குழாய் 28க்குப் போனால் நான்கு சுற்று வித்தியாசம், அதாவது பதினாறில் ஒரு பங்கு, 6 சதவீதம். அந்தக் கன்றைத் தள்ளிவிடலாம்.

சறுக்குவது பெரும்பாலும் நொதி சரியாக வெட்டாதபோது. வெட்டாமல் விட்டதெல்லாம் ‘மெத்தில் உண்டு’ என்றே தெரியும், கெட்ட கன்று நல்லதாகத் தேறி வயலுக்குப் போய்விடும். செம்பனை இலையில் மாவுப்பொருளும் பீனாலும் அதிகம், அவை டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு வந்து நொதியை முடக்கும். 2 சதவீத சிடாப் (செல்லை உடைக்கும் சோப்பு வகை) கரைசலில், பீனாலைப் பிடித்துக்கொள்ளும் பி.வி.பி. சேர்த்து 65 டிகிரியில் டி.என்.ஏ.வை எடுங்கள். தூய்மையைக் காட்டும் 260க்கு 230 விகிதம் (அந்த இரண்டு நானோமீட்டர் அலைநீளங்களில் ஒளியை உறிஞ்சும் அளவு) 1.8க்குக் கீழே இருந்தால் மறுபடி கழுவுங்கள். கூடவே, அதே வெட்டுமிடம் உள்ள வேறொரு பிசிஆர் துண்டைத் துளி அளவு அந்தக் குழாயிலேயே போட்டுவிடுங்கள். பிசிஆரில் செய்ததில் மெத்தில் இருக்காது. அது வெட்டுப்படவில்லை என்றால் அன்றைய முடிவு குப்பைக்கு.

நொதியைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு வம்பு. மனிதச் செல் ஆய்வில் பழகியவர்கள் டி.என்.ஏ. எழுத்துகளில் சி-யை அடுத்து ஜி வரும் இடத்தையே பார்ப்பார்கள். தாவரத்தில் இடையே ஓர் எழுத்து விட்டு ஜி வந்தாலும் மெத்தில் ஏறும். கர்மாவின் ஒட்டுமுனையில் கவனிக்க வேண்டியது இந்த வகையைத்தான்.

தாய்மரம் ஒன்றுதானே என்று பத்துக் கன்றை மட்டும் சோதித்துவிட்டு மற்றதை நட வேண்டாம். குறி கழல்வது கன்றுக்குக் கன்று மாறும். விகாரமாகத் தொடங்கிய மரம் பின்னால் தானாகவே திருந்தி நல்ல குலை தள்ளுவதும் உண்டு, கழன்ற மெத்தில் திரும்ப ஏறிவிடுவதால்.