காசிமேட்டுக் கைப்பேசியில் திறக்க வேண்டும்

வட சென்னையைப் பற்றி எழுதுவதற்கென்றே ஒரு தளம் வைத்திருக்கிறேன். 1856-இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையம், பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் 1918-இல் கட்டிய சென்னைத் தொழிலாளர் சங்கம், எண்ணூர்க் கழிமுகத்து மீனவர்கள், வியாசர்பாடிப் பிள்ளைகளின் கால்பந்து என்று படமும் எழுத்துமாகச் சேர்த்து வருகிறேன். யாரைப் பற்றி எழுதுகிறேனோ அவர்களே அதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. அவர்களில் பலர் படிப்பது விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைப்பேசியில், நாளுக்கு இவ்வளவுதான் என்று அளந்து வரும் டேட்டாவில்.

அந்தக் கைப்பேசிகளில் என் தளம் திறக்கத் திணறியது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வலை பழுது பார்க்கும் தம்பி ஒருவர், "அண்ணா, ரொம்ப நேரமாக வெள்ளையாகவே நிற்கிறது, எங்கள் படகு படம் எங்கே?" என்று கேட்டார். என் வீட்டு பிராட்பேண்டில், மடிக்கணினியில், அதே பக்கம் சட்டென்று வந்துவிடும். ஆகவே அளப்பதை அவர் கைப்பேசியிலேயே அளப்பது என்று முடிவு செய்தேன். யூஎஸ்பி கேபிளால் அதை மடிக்கணினியோடு இணைத்தால், குரோம் உலாவியின் டெவலப்பர் கருவிகளில் எந்தக் கோப்பு எப்போது கிளம்புகிறது, எவ்வளவு நேரம் இறங்குகிறது என்று வரிவரியாகத் தெரியும். தளத்தின் வேகத்தைப் பற்றிக் கவலைப்படும் யாரும் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பட்டியலைத்தான்.

கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் கருவியிலும் போட்டுப் பார்த்தேன். அது 100-க்கு ஒரு மதிப்பெண் தருகிறது. மதிப்பெண்ணைத் துரத்துவதில் எனக்கு ஆர்வமில்லை. அதோடு அது காட்டும் மூன்று அளவுகள்தான் பயனுள்ளவை: திரையில் தெரியும் மிகப் பெரிய பகுதி 2.5 நொடிக்குள் வந்துவிட வேண்டும். தொட்டால் 200 மில்லிநொடிக்குள் பக்கம் அசைய வேண்டும். ஏற்றம் நடக்கும்போது வரிகள் இடம் மாறித் துள்ளும் அளவு 0.1-ஐத் தாண்டக் கூடாது. நான்கில் மூன்று வருகைகளுக்காவது இவை பொருந்த வேண்டும் என்பது கணக்கு. என் தளம் முதல் அளவிலும் மூன்றாம் அளவிலும் தேறவில்லை.

தளத்தை வைத்திருந்த நிறுவனத்திடம் கேட்டபோது, கூடுதல் கட்டணத் திட்டத்துக்கு மாறச் சொன்னார்கள். கோப்புப் பட்டியலோ வேறு சொன்னது. காத்திருப்பில் பெரும்பகுதி படங்கள் இறங்கும் நேரம். எந்தத் திட்டத்துக்கு மாறினாலும் அந்தப் படங்கள் அதே எடையோடுதான் அந்தத் தம்பியின் டேட்டாவைத் தின்னும்.

தளத்தில் இருந்தவை கேமரா தந்த முழு அளவுப் படங்கள். 12 மெகாபிக்சல் கேமரா தருவது 4000-க்கு 3000 புள்ளிகள் கொண்ட படம். கைப்பேசித் திரையின் அகலமோ பெரும்பாலும் 720 அல்லது 1080 புள்ளிகள். படத்தை 1200-க்கு 900 என்று சுருக்கினால் புள்ளிகளின் எண்ணிக்கை 1 கோடியே 20 லட்சத்திலிருந்து சுமார் 11 லட்சத்துக்கு இறங்கிவிடுகிறது. கைப்பேசியில் பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. இதில் பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. கோப்பு எவ்வளவு அமுக்கப்பட்டிருந்தாலும், திரையில் காட்டுவதற்காகக் கைப்பேசி அதை விரித்தாக வேண்டும். ஒரு புள்ளிக்கு 4 பைட் என்றால், அந்த முழு அளவுப் படம் ஒன்றே நினைவகத்தில் 48 எம்பி பிடிக்கும். ஒரே பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு படங்கள் இருந்தால், ரேம் குறைந்த கைப்பேசி மூச்சு வாங்குவதில் வியப்பில்லை.

எல்லாப் படங்களையும் மூன்று அகலங்களில் தயாரித்து, வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் சேமித்தேன். கூகுள் 2010-இல் வெளியிட்ட வடிவம் இது. இன்று எல்லா முக்கிய உலாவிகளும் காட்டும். திரைக்கு ஏற்ற அளவை உலாவியே தேர்ந்துகொள்ளும்படி பக்கத்தின் எச்டிஎம்எல் நிரலில் மூன்று அளவுகளையும் குறிப்பிட்டுவிடலாம். தரத்தை எவ்வளவு குறைப்பது என்பதை மட்டும் கருவியிடம் விடக் கூடாது. கடல், வானம் உள்ள படங்கள் நிறையக் குறைத்தாலும் தாங்கின. வலைக் கண்ணிகள் நெருக்கமாகத் தெரியும் படங்கள் தாங்கவில்லை. கண்ணிகள் ஒன்றோடொன்று கலந்து கறையாகிவிட்டன. அவற்றைத் தனித்தனியே திறந்து பார்த்து, தரத்தைக் கூட்டி வைத்தேன். வலை பின்னுகிறவர் பார்க்கப்போகும் படத்தில் கண்ணி தெரியாவிட்டால் அந்தப் படத்துக்கு அங்கே என்ன வேலை?

திரைக்குக் கீழே இருக்கும் படங்கள், வாசகர் நகர்த்திப் போகும்போது இறங்கினால் போதும். தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் 5.5 பதிப்பிலிருந்து இது தானாகவே நடக்கிறது. ஆனால் பக்கத்தின் உச்சியில் இருக்கும் முதல் படத்துக்கு இந்தத் தாமதம் கூடவே கூடாது. என் தளத்தின் தோற்றத்தை அமைக்கும் பழைய வார்ப்புரு அதையும் தாமதப்படுத்திக்கொண்டிருந்தது. அந்தத் தாமதத்தை விலக்கியதும் படகு படம் முன்னதாகவே வரத் தொடங்கியது. ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் இரண்டையும் எழுதி வைத்ததில் வரிகள் துள்ளுவதும் நின்றது.

அடுத்தது எழுத்துரு. தமிழில் தளம் நடத்துகிறவர்கள் இதில் சற்று நின்று நிதானிக்க வேண்டும் என்பேன். வெள்ளைத் திரைக்கு முக்கியக் காரணமே இதுதான்: எழுத்துருக் கோப்பு வந்து சேரும்வரை, குரோம் உலாவி மூன்று நொடிவரை எழுத்துகளைக் காட்டாமல் மறைத்து வைக்கும். என் வார்ப்புரு ஒரே எழுத்துருவை மெலிந்தது முதல் மிகத் தடித்தது வரை பல கனங்களில் இறக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உண்மையில் பயன்பட்டவை சாதாரணமும் தடிப்பும் மட்டுமே. மற்றவற்றை நீக்கினேன். இன்றைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருப்பதால், உடல் வாசகத்துக்குக் கைப்பேசியின் எழுத்தே போதும் என்று விட்டுவிட்டேன். தலைப்புக்கு மட்டும் தனி எழுத்துரு; அதுவும் வந்து சேரும்வரை கைப்பேசியின் எழுத்திலேயே தலைப்பு தெரியும்படி ஸ்வாப் என்ற ஒரு சொல்லை, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் சேர்த்தேன்.

அந்தத் தலைப்பு எழுத்துருவிலிருந்து தேவையற்ற குறிகளைக் கழித்து வோஃப் 2 (WOFF2) என்ற இணைய எழுத்துரு வடிவில் சுருக்கலாம். தமிழுக்கு இதைச் செய்யும்போது கவனம் வேண்டும். கு, மூ, டி போன்றவை யூனிகோடில் தனி எழுத்துகள் அல்ல. 'க' போன்ற எழுத்தும் உயிர்க்குறியும் சேரும்போது எழுத்துருவுக்குள் இருக்கும் சேர்க்கை விதிகள்தாம் அவற்றுக்கு உருவம் தருகின்றன. கழிக்கும் கருவி அந்த விதிகளையும் கழித்துவிட்டால் 'கு' என்பது 'க'வும் தனியே தொங்கும் ஒரு கொக்கியுமாகப் பிரிந்துவிடும். நான் சோதனைக்கு எடுத்துக்கொண்ட சொல் திருவொற்றியூர். இகரம், உகரம், ஒகரம், ஊகாரம், புள்ளி எல்லாம் அந்த ஒரு சொல்லிலேயே வந்துவிடுகின்றன. அது ஒழுங்காகத் தெரிந்தபின் ஸ்ரீ, க்ஷ இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் கோப்பை ஏற்றினேன்.

பகிர்வுப் பொத்தான்கள், வருகை எண்ணி, ஓடும் படப்பட்டை எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். யாரும் தேடவில்லை. யூடியூப் காணொளிகள் மட்டும் தேவைப்பட்டன; காணொளியை ஓட்டாவிட்டாலும் அதன் நிரல்கள் முழுதும் இறங்கிவிடுகின்றன. எனவே முதலில் ஒரு படம் மட்டும், தொட்டால்தான் காணொளி என்று மாற்றினேன்.

கடைசியாகத் தூரம். என் தளம் இருந்த சர்வர் அமெரிக்காவில். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போனாலும், சென்னையிலிருந்து அங்கே போய்த் திரும்ப 200 மில்லிநொடிக்கு மேல் ஆகிறது. இணைப்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் என்பதன் பழைய 1.2 முறையில், இணைப்பு பேசி, பாதுகாப்பு பேசி, பக்கத்தைக் கேட்டு வாங்குவதற்குள் நான்கு முறை போய்வர வேண்டும். முதல் எழுத்து வருவதற்குள் ஏறக்குறைய ஒரு நொடி போய்விடும். 2018-இல் வந்த டிஎல்எஸ் 1.3 அதில் ஒரு நடையைக் குறைக்கிறது. அதை இயக்கினேன். பக்கங்களை முன்கூட்டியே சமைத்து வைக்கும் கேஷ் சேர்த்து, தளத்தின் நகலைப் பல ஊர்களில் வைத்து அருகிலிருந்து அனுப்பும் சிடிஎன் சேவைகளில், சென்னையிலேயே கிளை வைத்திருக்கும் ஒன்றின் வழியாகப் படங்களையும் பக்கங்களையும் அனுப்ப ஏற்பாடு செய்தேன். படங்களை ஓர் ஆண்டு கைப்பேசியிலேயே வைத்துக்கொள்ளும்படியும் உலாவிக்குச் சொல்லிவிட்டேன். படத்தை மாற்றினால் கோப்பின் பெயரையும் மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது அந்தத் தம்பியின் கைப்பேசியில் படகு படம் இரண்டு நொடிக்குள் வந்துவிடுகிறது. வலைக் கண்ணியைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, முடிச்சு போட்டிருப்பது யார் என்று அடையாளம் சொன்னார். மீதியிருப்பவை எண்ணூர்க் கழிமுகத்தின் வரைபடங்கள். அவற்றைச் சுருக்கினால் ஓடைகளின் பெயர்கள் படிக்க முடியாமல் போகின்றன. துண்டுகளாக வெட்டி, பார்க்கும் பகுதி மட்டும் இறங்கும்படி செய்ய வேண்டும். அந்த வேலையைத் தொடங்கியிருக்கிறேன்.